கணக்கைக் கேட்டு ஓட்டுப் போடுவோம்

(ரஞ்சன்குடியில் நிகழ்த்திய சொற்பொழிவு)

திருச்சியிலிருந்து சென்னைக்குப் போகிற ஒவ்வொருவரும் பேருந்து ஜன்னல் வழியாக ஒருமுறையாவது திரும்பிப் பார்த்துவிட்டுப் போகும் கோட்டை நம் ரஞ்சன்குடிக் கோட்டை. நவாபுகள் காலத்து ஜாகிர்தார் ஒருவர் எழுப்பியது என்கிறார்கள். 1751-இல் நவாப் பட்டத்துக்குப் போட்டியிட்ட முகமது அலிக்கு ஆங்கிலேயரும், சந்தா சாகிப்புக்குப் பிரெஞ்சுக்காரரும் துணை நின்று, இந்தப் பக்கத்தில்தான் மோதிக்கொண்டார்கள். எதற்காக மோதினார்கள்? இந்தச் சீமையில் வரி வாங்கும் உரிமை யாருக்கு என்பதற்காக. ஜாகிர் என்றாலே வரி வசூலிக்கக் கொடுத்த நிலம்தானே? சோளமும் வரகும் விளைவித்து அந்த வரியைக் கட்டியவர்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? வாங்கிய வரி எங்கே போயிற்று என்று அவர்கள் கேட்கத்தான் முடிந்ததா? வரி கொடுப்பவனுக்கு வாய் இல்லாதிருந்த ஒரு காலத்தின் சாட்சியாக அந்தக் கோட்டை நிற்கிறது. அதன் அருகில் நின்று நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள், உள்ளாட்சித் தேர்தலும் ஊர்க் கஜானாவும்.

உள்ளாட்சித் தேர்தல் வந்தால் நாம் எதைப் பேசுகிறோம்? இந்த வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதா, பொதுவா என்று பேசுகிறோம். எந்தக் கட்சி எந்தச் சாதியில் ஆளை நிறுத்துகிறது என்று பேசுகிறோம். ஓட்டுக்கு எவ்வளவு என்றும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பேசுகிறோம். ஒன்றை மட்டும் பேசுவதில்லை. நகராட்சியின் கையில் எவ்வளவு பணம் இருக்கிறது, எவ்வளவு கடன் இருக்கிறது, மின்வாரியத்துக்குக் கட்டாமல் எவ்வளவு நிற்கிறது, வரி பாக்கி வைத்திருக்கும் பெரிய கட்டடங்கள் எவை? இவற்றை வேட்பாளரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. பணம் இல்லாத ஒரு மன்றத்துக்கு, பணத்தைப் பற்றிப் பேசாமலேயே தேர்தல் நடத்தி முடிக்கிறோம். பிறகு தெருவிளக்கு எரியவில்லை என்று கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நிற்கிறோம். என் வாதம் ஒன்றே ஒன்றுதான். உள்ளாட்சித் தேர்தல் என்பது ஊரின் வரவு செலவுக்கு ஊராரிடம் ஒப்புதல் வாங்கும் தேர்தல். அந்த ஒப்புதலை வாங்காமல் தேர்தலைத் தள்ளிப்போட்டாலும் கஜானா நொடிக்கும். கணக்கை மறைத்துத் தேர்தலை நடத்தினாலும் கஜானா நொடிக்கும்.

வெறும் பேச்சாகச் சொல்லவில்லை. நம் மாநிலத்தில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். 2011-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி மன்றங்களின் காலம் 2016 அக்டோபர் 24-இல் முடிந்தது. அதற்கு முன்பே, அக்டோபர் 17, 19 ஆகிய நாள்களில் வாக்குப்பதிவு என்று அறிவித்திருந்தார்கள். பழங்குடியினருக்கான இட ஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்ற வழக்கில், அக்டோபர் 4 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. குறையைத் திருத்தி விரைவில் நடத்தியிருக்கலாம். நடந்ததா? வார்டு மறுவரையறை என்றார்கள், மேல்முறையீடு என்றார்கள், புதிய மாவட்டங்கள் என்றார்கள். கிராமங்களுக்கு 2019 டிசம்பர் 27-லும் 30-லும்தான் வாக்குப்பதிவு நடந்தது; பெரம்பலூரும் அரியலூரும் அதில் இருந்தன. நகரங்களுக்கு 2022 பிப்ரவரி 19-இல் நடந்தது. புதிய கவுன்சிலர்கள் மார்ச் 2 அன்று பதவி ஏற்றார்கள். கூட்டிப் பாருங்கள்: ஐந்து ஆண்டுகளும் நான்கு மாதங்களும். பெரம்பலூர் நகராட்சியிலும், அரியலூரிலும், ஜெயங்கொண்டத்திலும், குரும்பலூர், அரும்பாவூர், பூலாம்பாடி, லப்பைக்குடிகாடு பேரூராட்சிகளிலும் ஒரு முழு ஐந்தாண்டுக் காலம் கவுன்சிலர் என்று ஒருவர் கூட இல்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை, காலம் முடிவதற்கு முன்பே தேர்தல் நடத்தியாக வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243-உ பிரிவு சொல்கிறது. அதிலிருந்து தப்பிக்க அது வழியே விடவில்லை. ஆனாலும் தப்பித்தார்கள்.

சரி, ஆள் இல்லாவிட்டால் என்ன, அதிகாரி பார்த்துக்கொண்டாரே என்று கேட்கலாம். பணம் என்ன ஆயிற்று என்பதைப் பாருங்கள். பதினான்காம் நிதிக்குழு 2015 முதல் 2020 வரை நாடு முழுவதிலும் உள்ள ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் 2,87,436 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. அந்தப் பணம் முறையாக அமைக்கப்பட்ட உள்ளாட்சிகளுக்குத்தான் என்பது நிபந்தனை. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்ற காரணம் காட்டி, தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய மானியத்தை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. மாநில அரசு கேட்டு எழுதிக்கொண்டே இருந்தது. ஓட்டுப்பெட்டி வராததால் காசோலையும் வரவில்லை! இதில் யார் பட்டினி கிடந்தது? மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் வாங்க முடியாத ஊராட்சி. குப்பை அள்ளும் வண்டிக்கு டயர் மாற்ற முடியாத பேரூராட்சி. மாதச் சம்பளத்துக்குக் காத்திருந்த தூய்மைப் பணியாளர். தேர்தலைத் தள்ளிப்போட்டவர்கள் ஒருவர் கூடப் பட்டினி கிடக்கவில்லை.

இன்னொரு பக்கத்தையும் புரட்டுங்கள். சென்னை தவிர மற்ற நகரங்களில் சொத்து வரி 2008-இல் உயர்த்தப்பட்டது. பத்து ஆண்டுகள் கழித்து, 2018 ஜூலையில், மன்றங்களே இல்லாத நேரத்தில் ஒரு பெரிய உயர்வு அறிவிக்கப்பட்டது. மக்கள் கொதித்தார்கள். 2019 நவம்பரில், நகர்ப்புறத் தேர்தல் எந்நேரமும் அறிவிக்கப்படலாம் என்று இருந்த வேளையில், அந்த உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. ஒரு குழு அமைக்கப்பட்டது. கூடுதலாகக் கட்டியதை அடுத்த அரையாண்டுகளில் ஈடு செய்வோம் என்றார்கள். தேர்தல் வாசம் அடித்ததும் வரி இறங்கியது. பிறகு? 2022 பிப்ரவரி 19-இல் தேர்தல் முடிந்தது. ஏப்ரல் 1 அன்று, வாக்குப்பதிவு முடிந்த 41-ஆம் நாள், வரி ஏறியது. நம் மாதிரி நகரங்களில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 விழுக்காடு, 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் 100 விழுக்காடு, வணிகக் கட்டடங்களுக்கும் 100. தேர்தலுக்கு முன் ஓர் ஆட்சி இறக்கியது. தேர்தலுக்குப் பின் இன்னோர் ஆட்சி ஏற்றியது. இரண்டுக்கும் நடுவே வீடு வீடாகக் கை கூப்பிக்கொண்டு வந்த வேட்பாளர்களில் எத்தனை பேர் வரியைப் பற்றி வாய் திறந்தார்கள்?

அந்த உயர்வு தவறு என்று நான் சொல்ல வரவில்லை. பதினான்கு ஆண்டுகள் வரி அசையாமல் இருந்தால், டீசல் விலை அசையாமல் இருந்ததா, சம்பளம் அசையாமல் இருந்ததா? பதினைந்தாம் நிதிக்குழு, சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவை அறிவித்து, வசூலையும் ஆண்டுதோறும் உயர்த்திக் காட்டும் மாநிலங்களின் நகரங்களுக்குத்தான் மானியம் என்று நிபந்தனை போட்டது. உயர்வுக்கு அரசு சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று. ஆனால் அந்த நிதிக்குழு அறிக்கை எப்போது வெளிவந்தது தெரியுமா? 2021 பிப்ரவரி 1 அன்று நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. நகர்ப்புறத் தேர்தலுக்கு ஒரு வருடத்துக்கு முன்பே! வரி ஏறப்போகிறது என்பது அறிக்கையைப் படித்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைத்தான் நான் தவறு என்கிறேன். வரியில் எனக்குக் குறை இல்லை. வரி கட்டப்போகிறவரிடம் சொல்லாமல் அவருடைய ஓட்டை வாங்கியதில்தான் குறை.

இங்கே தேர்தல் நடக்காததால் பணம் வரவில்லை. கடல் தாண்டி அந்தப் பக்கம் பாருங்கள். அங்கே பணம் இல்லை என்று சொல்லித் தேர்தலையே நிறுத்தினார்கள். 2022-இல் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் இலங்கை நொடித்துப்போனது நமக்குத் தெரியும். அடுத்த ஆண்டு மார்ச் 9 அன்று உள்ளூராட்சித் தேர்தல் நடக்க வேண்டும். வேட்புமனுத் தாக்கல் முடிந்துவிட்டது. தேர்தலுக்குக் கொடுக்கத் திறைசேரியில் பணம் இல்லை என்று கை விரித்தார்கள். மார்ச் மாதமே மன்றங்களின் காலமும் முடிந்தது. யாழ்ப்பாண மாநகர சபையிலிருந்து கடைக்கோடிப் பிரதேச சபை வரை அதிகாரிகள் கையில் போயின. போட்டியிட மனுக் கொடுத்திருந்த அரசு ஊழியர்கள் வேலைக்குத் திரும்பவும் முடியாமல், பிரசாரம் செய்யவும் முடியாமல் நடுவில் நின்றார்கள். 2024 ஆகஸ்ட் 22 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தேர்தலை நடத்தாதது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று தீர்ப்பளித்தது. கடைசியில் 2025 மே 6-இல்தான் வாக்குப்பதிவு நடந்தது. இரண்டு ஆண்டுகளும் இரண்டு மாதங்களும் தாமதம். எண்ணிப் பாருங்கள், ஒரு நாடு திவாலாகி நிற்கிறது. அரிசி விலை மலை ஏறுகிறது, மின்சாரம் இல்லை. அந்த நேரத்தில்தானே ஊர் மக்கள் கூடி, எதைக் குறைப்பது, எதைக் காப்பது என்று முடிவெடுக்க ஆள்களை அனுப்ப வேண்டும்? வீட்டில் பணமுடை வந்தால் குடும்பத்தார் உட்கார்ந்து பேசுவார்களா, பேச்சையே நிறுத்துவார்களா?

இப்போது மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு: மன்றம் இல்லாதபோது அரசு அனுப்பும் தனி அலுவலரின் ஆட்சியே மேல், கமிஷன் இல்லை, கட்சிச் சண்டை இல்லை, சிக்கனமாக நடக்கும். இதைச் சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். கவுன்சிலர் பதவியை முதலீடாகப் பார்க்கிறவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். 2019 டிசம்பரில் ஊராட்சித் தலைவர் பதவியை லட்சக்கணக்கில் ஏலம் விட்டதாகச் செய்தி வந்ததே! ஆனால் ஒரு கேள்வி. தனி அலுவலர் செலவைக் குறைக்கலாம். உங்களிடம் வரிக்கு ஒப்புதல் வாங்க முடியுமா? அவர் யாரிடம் வாங்குவார்? அவரை யார் அனுப்பினார்களோ அவர்களுக்குத்தான் அவர் பதில் சொல்வார். ஆங்கில நாட்டில் பர்மிங்காம் மாநகராட்சி 2023 செப்டம்பர் 5 அன்று, இனிக் கட்டாயச் செலவு தவிர வேறு செலவு செய்யமுடியாது என்று கையை உயர்த்தியது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் தராததால் வந்த நிலுவைக் கோரிக்கைகள் ஒரு பக்கம், கோளாறான கணினி அமைப்பு ஒரு பக்கம். லண்டன் அரசு ஆணையர்களை அனுப்பியது. ஆனால் கவுன்சிலர்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. அடுத்த மார்ச்சில் வரியை ஏறத்தாழ பத்து விழுக்காடு உயர்த்தும் கசப்பான முடிவை, மக்கள் தேர்ந்தெடுத்த அந்த மன்றமே கூடி, எதிர்ப்பு முழக்கங்களுக்கு நடுவே கை தூக்கி எடுத்தது. திட்டினாலும் யாரைத் திட்டுவது என்று மக்களுக்குத் தெரிந்தது. நமக்கு 2018-இல் அது கூடத் தெரியவில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. வரி உயர்த்துவேன் என்று சொல்லி ஓட்டுக் கேட்டால் டெபாசிட் மிஞ்சுமா? நம் மக்கள் வரி கட்டுவார்களா? இதற்குப் பதிலை நம் ஊர்களிலேயே கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டு தேடுகிறோம். மாரியம்மன் திருவிழா வந்தால் தலைக்கட்டு வரி போடுகிறார்கள். தலைக்கட்டுக்கு ஆயிரம் என்றால் ஆயிரம், ரெண்டாயிரம் என்றால் ரெண்டாயிரம். கூலி வேலைக்குப் போகிற குடும்பம் கூடக் கடன் வாங்கியாவது கட்டுகிறது. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற மகன் அங்கிருந்து அனுப்புகிறான். ஜப்தி இல்லை, நோட்டீஸ் இல்லை, குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம் என்ற மிரட்டல் இல்லை. பின் எப்படி வசூல் ஆகிறது? சாமி பயம் மட்டுமா? தேர் நிலைக்கு வந்து, காப்பு அவிழ்த்த பிறகு, ஊர்க்கூட்டம் போடுகிறார்கள். கோயில் வாசலில் ஜமுக்காளம் விரித்து, நாட்டாமையும் காரியக்காரர்களும் உட்கார, ஒருவர் நோட்டைப் பிரித்து வாசிக்கிறார். பந்தல் இவ்வளவு, மேளம் இவ்வளவு, வாண வேடிக்கை இவ்வளவு, பூ இவ்வளவு. வாண வேடிக்கைக்கு அவ்வளவா என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். ரசீதைக் காட்டு என்று இன்னொரு குரல் வரும். காட்டுவார்கள். மீதி இவ்வளவு, இன்னார் கையில் இருக்கிறது என்று சொல்லி முடித்த பிறகுதான் கூட்டம் கலையும். அந்தக் கூட்டத்திலும் குறை உண்டு. பெண்களுக்கு அங்கே பேச இடம் இருப்பதில்லை, சேரிப் பக்கத்துக்கு அந்த ஜமுக்காளம் எட்டுவதில்லை. அந்தக் குறையை நான் மறைக்கவில்லை. பெண்களுக்குச் சரிபாதி இடமும், தாழ்த்தப்பட்டோருக்கு உரிய இடமும் சட்டப்படி தந்திருக்கிற மன்றத்தில் இதைவிடச் சிறப்பாக நடக்க வேண்டாமா? கணக்கு வாசித்தால் நம் மக்கள் கட்டுவார்கள். வாசிக்காத இடத்தில்தான் கையை இறுக்கிக்கொள்கிறார்கள்.

மூன்றாவது மறுப்பை நான் பாதி ஒப்புக்கொள்கிறேன். பணமும் அதிகாரமும் கோட்டையில் இருக்கிறது, அதாவது சென்னைக் கோட்டையில். கவுன்சிலர் என்ன செய்வார் பாவம்? உண்மைதான். 2022-இல் வரி உயர்வை முடிவு செய்தது மாநில அரசு. நகர மன்றங்கள் தீர்மானம் மட்டும் போட்டன. மாநிலத்தின் சொந்த வரியில் உள்ளாட்சிகளுக்குத் தரும் பங்கு பத்து விழுக்காடு. அரியலூரைப் பாருங்கள். பூமியைத் தோண்டித் தோண்டிச் சுண்ணாம்புக்கல் எடுத்து, ஊரைச் சுற்றிச் சிமெண்ட் ஆலைகள். கல் ஏற்றிய லாரிகள் ஊராட்சிச் சாலையை உடைத்துக்கொண்டு இரவும் பகலும் ஓடுகின்றன. சாலை ஓரத்துக் கருவேல மரத்தின் இலைகூட வெள்ளை பூசிக்கொண்டு நிற்கிறது. ஆனால் சுண்ணாம்புக்கல் பெருங்கனிமம். அதன் உரிமத் தொகை மாநில அரசுக்குப் போகிறது. பாதிக்கப்பட்ட ஊர்களுக்காக 2015-இல் சட்டத்தைத் திருத்தி மாவட்டக் கனிம அறக்கட்டளை கொண்டுவந்தார்கள். அதற்குத் தலைவர் மாவட்ட ஆட்சியர். இந்தப் பணத்தில் எங்கள் சாலைக்கு எவ்வளவு, எங்கள் குடிநீருக்கு எவ்வளவு என்று ஆட்சியர் எதிரே நின்று கேட்க, மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஒரு வாய் வேண்டாமா? தனி அலுவலராக இருக்கிற வட்டார வளர்ச்சி அலுவலர் தன் மேலதிகாரியிடம் அந்தக் கேள்வியைக் கேட்பாரா? அதிகாரம் குறைவு என்பது தேர்தல் வேண்டாம் என்பதற்குக் காரணம் ஆகாது. இருக்கிற அதிகாரத்தையும் அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு, அதிகாரம் இல்லை என்று புலம்புவதில் பொருள் இல்லை.

கணக்குக் கேட்பது நமக்குப் புதிதல்ல. குடவோலை என்றால் நமக்கெல்லாம் பெருமை. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டை மேடைதோறும் சொல்கிறோம். ஓலையைக் குடத்தில் இட்டுக் குலுக்கியதைச் சொல்கிறோம். அதே கல்வெட்டில், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனும், அவனுடைய உறவினர்களும் வாரியத்துக்கு வரக்கூடாது என்று வெட்டி வைத்திருப்பதை எத்தனை மேடையில் சொல்கிறோம்? குடத்தை எடுத்துக்கொண்டோம், கணக்கை அங்கேயே விட்டுவிட்டோம். 1100 ஆண்டுகளுக்கு முந்தைய அந்தச் சபையிலும் எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை. நிலமும் வேதப் படிப்பும் இருந்தவர்களுக்குத்தான் இடம். அதை அப்படியே திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. அந்த ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொள்வோம் என்கிறேன்.

நம் கிராம ஊராட்சிகளில் 2019-இல் முக்கால் பங்குக்கு மேல் ஓட்டுப் போட்டோம். அந்த மன்றங்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் நாளோடு முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். பெரம்பலூர் மாவட்டத்தின் 121 ஊராட்சிகளும் அரியலூரின் 201 ஊராட்சிகளும் ஒரு முறை பட்ட பாட்டை இன்னொரு முறையும் படுகின்றன. நகரங்களில் 2022-இல் பதவிக்கு வந்தவர்களின் காலம் 2027 மார்ச்சோடு முடியும். ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் இது. கிராம சபை கூடும் நாளில் போங்கள். கேட்பு எவ்வளவு, வசூல் எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்ற பதிவேட்டை வாசிக்கச் சொல்லுங்கள். சந்தை ஏலம் எவ்வளவுக்குப் போயிற்று, கடை வாடகை எத்தனை மாதம் வரவில்லை, தெருவிளக்குக்கும் மோட்டாருக்கும் மின்கட்டண பாக்கி எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். அந்தத் தாளை வீட்டில் பத்திரமாக வையுங்கள். எந்தக் கட்சி வேட்பாளரானாலும், சொந்தக்காரரே ஆனாலும், வாசலுக்கு வந்து கும்பிட்டால், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்துவிட்டு, அந்தத் தாளை அவர் கையில் கொடுங்கள். "இந்தப் பள்ளத்தை எந்தப் பணத்தில் நிரப்பப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவருக்கு உங்கள் ஓட்டைப் போடுங்கள்.